சென்னைக்கு வரும் வேற்றுக்கிரகப் படை: என் காமிக்ஸ் கதையின் காரணமும் முடிவும் சரிதானா?

வேளச்சேரி ஓவியர்:

அனைவருக்கும் வணக்கம். 48 பக்கங்களில் ஒரு தமிழ் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கிய நாட்கள்தாம் இந்தக் கதைக்கு விதை. பூமியின் நீரைக் கவர்ந்து செல்ல வரும் வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலே வந்து நிற்கிறது. தண்ணீர் லாரி ஓட்டுநரின் மகளான கதாநாயகிக்கு நீரைத் தன் விருப்பப்படி அசைக்கும் ஆற்றல் இருக்கிறது.

முதல் ஆறு பக்கங்களை முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் வசனமே இல்லை. விடியற்காலையில் தெருவோரம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் குடங்களில், ஒரு பச்சைக் குடத்தின் மேல் மட்டும் நிழல் விழுகிறது; அவ்வளவுதான்.

சிக்கல் முடிவில் இருக்கிறது. அவள் கோபம் கொண்டு, ஆற்றல் பெருகி, கப்பலை வீழ்த்துவதாக எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்த என் நண்பர், “இதை அவள் முதல் பக்கத்திலேயே ஏன் செய்யவில்லை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படையெடுப்புக்கான காரணம் நம்பும்படி இருக்கிறதா, முடிவை எப்படி மாற்றலாம் என்று சொல்லுங்கள்.

விண்மீன் வாசகர்:

நண்பரே, தொடக்கக் காட்சி மனத்தில் நிற்கிறது. ஆனால் நீருக்காகப் படையெடுக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்தால் வருவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீர் இருக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் கணிக்கிறார்கள். சனியின் வளையங்களில் பெரும்பகுதி பனிக்கட்டியே. பூமியிலிருந்து எதையேனும் தூக்கிச் செல்ல வேண்டுமானால் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அத்தனை பாடுபட்டு, பாதி வற்றிய ஓர் ஏரியை உறிஞ்ச யார் வருவார்கள்?

பூமியில் இருப்பதும், வேறெங்கும் இருப்பதாக நாம் இதுவரை அறியாததும் உயிர் மட்டுமே. அதைக் காரணமாக்குங்கள். விரால் மீன் வறண்ட காலத்தில் சேற்றுக்குள் புதைந்து, உடலில் ஈரம் இருக்கும்வரை காற்றைச் சுவாசித்து மழைக்காகக் காத்திருக்கும். வந்தவர்கள் தேடுவது ஏரியின் நீரை அல்ல, அந்த வண்டலுக்குள் உறங்கும் உயிர்களை என்று வையுங்கள். நகரமே வறட்சியில் வாடும்போது எல்லோரும் நீருக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. அந்தத் தவறான எண்ணம் கதையின் நடுவில் உடையட்டும்.

மூர் மார்க்கெட் பழைய வாசகர்:

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். முடிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் கேட்டதுதான் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் உரைகல்.

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது. சிறுவயதில் மூர் மார்க்கெட்டில் பழைய பிரதிகளை வாங்கி வந்து படித்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆற்றலை விட அதன் குறைதான் எங்களைப் பக்கம் புரட்ட வைத்தது.

1960-இல் ஜஸ்டிஸ் லீக் என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோக் குழு முதன்முதலாகத் தோன்றிய கதையில், பூமியைப் பிடிக்க வரும் ராட்சத நட்சத்திரமீன் மனிதர்களின் மனத்தையே ஆட்டிவைக்கிறது; ஒரு இளைஞன் மட்டும் தப்புகிறான். வீட்டுப் புல்வெளிக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தவன் அவன். கடைசியில் அந்தச் சுண்ணாம்பே பூமியைக் காப்பாற்றுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற இன்னொரு சூப்பர் ஹீரோக் குழுவின் இரண்டாம் இதழிலோ, அதன் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் காமிக்ஸ் புத்தகப் படங்களையே பூமியின் உண்மையான பயங்கர உயிரினங்கள் என்று காட்டி, வந்த படையை மிரட்டித் திருப்பி அனுப்புகிறார். இரண்டிலும் வெற்றி பலத்தால் வரவில்லை.

உங்கள் கதாநாயகியால் இல்லாத நீரை உண்டாக்க முடியாது, கண்ணெதிரே உள்ள நீரை மட்டுமே அசைக்க முடியும் என்று விதி வையுங்கள். வறண்ட நகரத்தில் அவள் கை கட்டப்பட்டவள் ஆகிவிடுவாள். உங்கள் நண்பருக்கும் பதில் கிடைத்துவிடும். முடிவில் அந்தத் தெருவே தன் குடங்களைக் கொண்டுவந்து அவள் முன் வைக்கட்டும்.

இராயப்பேட்டை அச்சகத்தார்:

குடங்களைக் கொண்டுவரும் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் மனமுவந்து கொடுப்பதாக வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டு லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு ஒரு குடம் என்பது மறுநாள் சமையல். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் தர மறுக்கட்டும். அவளை யாரும் குறை சொல்லாமல் இருக்கட்டும்.

அச்சு தொடர்பாக ஒன்று. புத்தகத்தில் 2, 4, 6 ஆகிய பக்கங்கள்தாம் தாளைப் புரட்டியவுடன் இடப்பக்கத்தில் கண்ணில் படும். கப்பல் முழுதாகத் தெரியும் காட்சியை அப்படிப்பட்ட பக்கத்தில் வையுங்கள். வலப்பக்கத்தில் வைத்தால், முந்தைய பக்கத்தைப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், பென்சிலில் வரையும்போதே வசன பலூனுக்கு இடம் விட்டுவிடுங்கள். படத்தை முடித்த பிறகு எழுத்தைத் திணித்து முகங்களை மறைத்த பல புத்தகங்களை நான் அச்சடித்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

வேளச்சேரி ஓவியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பலை ஐந்தாம் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அதை நான்குக்கு மாற்றுகிறேன். வண்டலும் விரால் மீனும் கதைக்குள் வந்துவிட்டன. தர மறுக்கும் பெண்ணுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், அதிலும் வசனம் இல்லை. முதல் பக்கத்தில் நிழல் விழுந்த அந்தப் பச்சைக் குடம் அவளுடையது.