இரவு இருமல்: புழு மச்சானுக்கு, மூச்சிரைப்பு எனக்கு

கொருக்குப்பேட்டையிலிருந்து:

இரவு இரண்டு மணி ஆனால் இருமல் பிடித்துக்கொள்ளும். கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு அசையாத என் மனைவி என் இருமலுக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார். நான்கு மாதம் உறிஞ்சியதுதான் மிச்சம். இன்னொருவர் டி.பி. என்று சந்தேகப்பட்டார்; சளியில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னார். 500க்குள் இருக்க வேண்டியது 6,400 இருந்தது. "வீட்டுப் பக்கம் கொசு உண்டா?" என்றார். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிக் குடியிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது! யானைக்கால் புழு என்றதும் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

இன்றும் எனக்கு ஆறாதது இதுதான். அதே வீட்டில் இருக்கும் மச்சானுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இரவு பத்து மணிக்கு மேல். கொசு கடிக்க வரும் நேரத்தில்தான் குட்டிப் புழுக்கள் ரத்தத்தில் உலா வருமாம். அவன் ரத்தத்தில் புழு நெளிந்தது. அவனுக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. என் ரத்தத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

புழு அவன் உடம்பைத் தாஜா செய்து வைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஐஎல்-10 போன்ற அடக்கும் சமிக்ஞைகளும் ஐஜிஜி4 எதிர்ப்புரதமும் ஓங்கி, சண்டை மூளாமல் பார்த்துக்கொள்கின்றன. என் உடம்போ ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை அள்ளிக் கொட்டி, குட்டிப் புழுக்களை நுரையீரலில் மடக்கிக் கொல்கிறது. அங்கே குவியும் ஈசினோபில்கள் கக்கும் நச்சுப் புரதங்கள் என் நுரையீரலையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை 21 நாள். முதல் வாரத்திலேயே தூக்கம் வந்துவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

ஈசினோபில் ஏறினாலே புழு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாவு மில்லில் வேலை பார்த்த எனக்கு 900 இருந்தது. நானாகவே பூச்சி மாத்திரை வாங்கி இரண்டு முறை விழுங்கினேன். கடைசியில் பார்த்தால் மாவுத் தூசி ஒவ்வாமை. அதற்கும் இதே ஐஜிஇ, இதே ஈசினோபில்தானாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

900 எங்கே, 6,400 எங்கே! 3,000ஐத் தாண்டியதால்தான் டாக்டரம்மாவுக்கே பொறி தட்டியது. ஆனாலும் உங்கள் பேச்சு நியாயம். என் கதையைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். மச்சானுக்கு மறுபடி இரவில் ரத்தம் எடுக்க வேண்டும். அவனோ ஒன்பது மணிக்கே குறட்டை விடுகிறான்.