பதிவில்லாத தமிழ்த் திருமணங்கள்: தீர்ப்புகளையும் பழைய ஆவணங்களையும் எங்கே தேடுவது?

சாட்ஸ்வொர்த் மாணவி
வணக்கம். சடங்குப்படி தாலி கட்டி, அரசிடம் பதியாமல் விட்ட திருமணங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் சட்டம் என்ன மதிப்புக் கொடுத்தது என்பது என் முதுகலை ஆய்வு. இந்தியத் தொழிலாளர்களின் முதல் கப்பல் வந்த 1860 முதல் இன்றுவரை. நூலகத் தேடுபெட்டியில் ‘இந்து மேரேஜ்’ என்று போட்டால் இந்தியாவின் 1955 சட்டம்தான் கொட்டுகிறது. வீட்டிலிருந்து தேடினால் பாதிக் கட்டுரைகள் பணம் கேட்கின்றன. எங்கே தொடங்குவது?

பழைய லா ரிப்போர்ட்
பொருளை வைத்துத் தேடாதீர்கள். ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போங்கள். உங்களுக்கு அது கோவெண்டர் எதிர் ரகவய்யா, 2009 (3) எஸ்.ஏ. 178 (டி). அதாவது எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்கத் தீர்ப்புத் தொகுப்பில் 2009ஆம் ஆண்டின் மூன்றாம் தொகுதி, 178ஆம் பக்கம்; ‘டி’ என்றால் டர்பன் நீதிமன்றம். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், சடங்கு மட்டும் செய்துகொண்ட மனைவியும் 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் சட்டத்தில் வரும் ‘துணை’தான் என்றது தீர்ப்பு. அதற்குச் சற்று முன் வந்த சிங் எதிர் ராம்பர்சாத், 2007 (3) எஸ்.ஏ. 445 (டி), சடங்குத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புக் கேட்ட மனுதாரருக்கு எதிராகப் போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

தீர்ப்புகள் சாஃப்லி என்ற இணையத் தீர்ப்புத் தளத்தில் இலவசம். ஆனால் அங்கே தலைக்குறிப்பு, அதாவது தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கம், இருக்காது. அது பதிப்பாளரின் சொத்து. ஓரத்தில் ஏ முதல் ஜே வரை வரும் எழுத்துகளும் இருக்காது. பத்தி எண் இல்லாத பழைய தீர்ப்பை மேற்கோள் காட்ட அந்த எழுத்து வேண்டும் என்பதால் ஜூட்டா பதிப்பகத்தின் தொகுப்பையோ அச்சுப் பிரதியையோதான் பார்க்க வேண்டும். இன்னொன்று: டர்பன் தீர்ப்புகள் சாஃப்லியில் ஒரே பெட்டியில் இல்லை. நீதிமன்றத்தின் பெயர் மாறியதால் பல பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றில் இல்லையென்றால் ‘தீர்ப்பே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

எஸ்.ஏ. வரிசை தொடங்கியதே 1947இல். அதற்கு முன் 1910 முதல் 1946 வரை நேட்டால் மாகாணத் தீர்ப்புகளுக்கு என்.பி.டி., கேப் மாகாணத்துக்கு சி.பி.டி. என்ற தொகுப்புகள். திருமண விவகாரத்தைக் கொளுத்திவிட்ட 1913 மார்ச் மாத நீதிபதி சேர்லின் தீர்ப்பு சி.பி.டி.யில்தான் இருக்கிறது. அதன் பின்விளைவாக வந்தது 1914ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம். இந்தப் பழைய தொகுதிகளுக்கு குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துச் சட்ட நூலகத்தில் அலமாரியைத்தான் நாட வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் தாள்பூச்சி
மேலே சொன்னது நீதிமன்றம் ஏறிய திருமணங்கள். ஏறாதவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் (ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டப்படி திருமணத்தைப் பதிந்ததும் அதே அலுவலகம்தான்.

போவதற்கு முன் தேசியக் காப்பகத்தின் என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்ற இணையப் பட்டியலில் தேடுங்கள். அதில் வருவது கோப்பின் விவரம் மட்டும், கோப்பு அல்ல. கிடைத்ததும் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள்: காப்பகக் குறி (என்.ஏ.பி.), மூலக் குறி (பாதுகாவலருக்கு ஐ.ஐ.), தொகுதி எண், கோப்பு எண். தொகுதி எண்ணை விட்டுவிட்டுப் போனால் படிப்பறையில் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

பெரும்பாலும் கழுத்தறுப்பது பெயர். எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டராகவும் கவுண்டனாகவும் ஆனார், நாயக்கர் நாய்க்கர் ஆனார். இங்கிலீஷில் எல்லா வடிவத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். கப்பல் பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். முனியம்மாக்கள் எத்தனையோ பேர். ஆளைப் பிரித்துக் காட்டுவது காலனி எண்ணும் (கப்பலில் வந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்) தகப்பன் பெயரும் ஊரும். அதே பல்கலைக்கழகத்து வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியலைப் பார்த்து முதலில் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, பிறகு மாரிட்ஸ்பர்க் வாருங்கள்.

பொருள் சொல்லிலும் காலத்துக்கு ஏற்றபடி போகவேண்டும். ‘இந்தியன்’ மட்டும் போதாது. ‘கூலி’, ‘ஏசியாட்டிக்’ இரண்டையும் போடுங்கள். வாய் கூசும், ஆனால் கோப்பின் தலைப்பு அப்படித்தான் இருக்கிறது. பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். கேமராவுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

டோங்காட் நூலகம்
பணம் கேட்பது பற்றி: கூகுள் வழியே நுழையாதீர்கள். பல்கலைக்கழக நூலகப் பக்கத்தின் தரவுத்தளப் பட்டியலில் உள்நுழைந்து, அங்கிருந்து சபினெட்டுக்கோ ஹைன்ஆன்லைனுக்கோ போனால்தான் நீங்கள் சந்தா உள்ளவர் என்று தளத்துக்குத் தெரியும். சமூகவியல் பக்கத்துக்கு சபினெட்டின் ஆப்பிரிக்க இதழ்கள், பழைய சட்ட இதழ்களுக்கு ஹைன்.

எங்குமே கிடைக்காத உள்ளூர் வெளியீடு என்றால், 1997ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டப்படி பதிப்பாளர்கள் பிரதி கொடுக்கவேண்டிய நூலகங்களில் ஒன்று உம்சுண்டூசி நகராட்சி நூலகம். அதுவும் மாரிட்ஸ்பர்க்கில்தான், எனவே ஒரே பயணத்தில் முடியும். அந்தப் பிரதியை வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த் மாணவி
மிக்க நன்றி. அரசிதழ் அறிவிப்பு ஒன்றின் எண் மட்டும் கையில் இருக்கிறது. அது போதுமா?

பழைய லா ரிப்போர்ட்
போதாது. அறிவிப்பு எண் வேறு, அரசிதழ் எண் வேறு. பழைய அறிவிப்புகளின் எண் ஆண்டுதோறும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. தேதியும் இருந்தால் இதழ் எண் இல்லாமலே எடுத்துவிடலாம்.