ராத்திரியில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா:

என் மகன் மூன்றாம் வகுப்பு. வாரத்தில் பாதி நாள் படுக்கையை நனைத்துவிடுவான். ஐப்பசி அடைமழையில் பாயும் காயாது, போர்வையும் காயாது; துவைக்கிற அலுப்பில் வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டவன்தான். திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். இவன் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். கேட்டால், "தூக்கம் வரவில்லை அம்மா" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

குழந்தை மருத்துவர் எடுத்த எடுப்பில், "தினமும் வெளிக்குப் போகிறானா?" என்றுதான் கேட்டார். அடிவயிற்றின் இடது பக்கம் மலம் கட்டிப்போய் நிற்பதை என் விரலை வைத்தே தொட்டுப் பார்க்கச் சொன்னார். மலக்குடல் நிறைந்திருந்தால் முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துமாம். அதில் கொஞ்சம்தான் கொள்ளும். துருவிக் கேட்ட பிறகு பையன் சொன்னான்: பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் போவதில்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பான், அதற்கு மேல் காபி. பகலில் குடிக்க வேண்டியதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளே போகிறது!

மலம் இளக மருந்து கொடுத்தார். இப்போது பகலில் தாராளமாகத் தண்ணீர் குடிக்கிறான், சாயங்காலக் காபி கிடையாது. வகுப்பு ஆசிரியையிடம் பேசி, தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது. நனைவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இவன் அப்பனும் பத்து வயது வரைக்கும் இப்படித்தான்" என்றார் என் மாமனார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம். என் கணவர் அதை அவனிடம் தன் வாயாலேயே சொன்னார். "நிஜமாகவா அப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

சூடு வைப்பேன், ஊரெல்லாம் சொல்வேன் என்று மிரட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன். தூங்குகிற பிள்ளை வேண்டுமென்றே எப்படிச் செய்யும்? ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேருக்கும், பத்து வயதில் 5 பேருக்கும் இது இருக்கிறது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து, மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்தவர்:

சிறு வயதிலிருந்தே நிற்காமல் இருப்பது வேறு. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து புதிதாக ஆரம்பிப்பது வேறு. எங்கள் விடுதியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரென்று நனைக்க ஆரம்பித்தாள். வீட்டு ஏக்கம் என்றார்கள் எல்லாரும். அப்படியும் வருவதுண்டு. ஆனால் அவள் ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். அன்றே இன்சுலின் ஆரம்பித்தார்கள். இப்படித் தாகமும் இளைப்பும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், பகலிலும் நனைவது, பெரிய குறட்டை இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு அப்பா:

எங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் பயன்படுத்தினோம். முதலில் வீடே விழித்துக்கொள்ளும், அவள் மட்டும் அசைய மாட்டாள். அதில் சோர்ந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒலித்ததும் நாம் எழுப்பி, அவளே நடந்து கழிப்பறைக்குப் போய்வரும்படி செய்ய வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். தொடர்ந்து 14 ராத்திரி நனையாமல் இருந்த பிறகுதான் மருத்துவர் நிறுத்தச் சொன்னார்.

பள்ளிச் சுற்றுலாவுக்கு மட்டும் டெஸ்மோபிரசின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ராத்திரியில் சிறுநீர் சுரப்பதை அது குறைக்கும். மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காலை வரை தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது; குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். கடையில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். உடன் போகும் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லி, பையில் மாற்றுத்துணியும் வைத்து அனுப்புங்கள்.