பச்சைப்பயறு முளைப்புச் சோதனை: உப்பின் அளவை மாறாமல் வைப்பது எப்படி?

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்கிறாள். நாங்கள் இருப்பது வேதாரண்யம் பக்கம். உப்பேறிய மண்ணில் பயறு எப்படி முளைக்கும் என்பது அவளாகவே கேட்ட கேள்வி. அதனால் இதைச் சரியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

நான்கு தட்டுகளில் ஈரப் பஞ்சு வைத்து, தட்டுக்குப் பத்துப் பயறு போட்டோம். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், மற்றவற்றுக்கு லிட்டருக்கு 2, 5, 10 கிராம் உப்பு. மூன்றாம் நாள் 10 கிராம் தட்டில் இரண்டுதான் முளைத்தன. அந்த வேர்களும் நுனி பழுப்பாகிச் சுருண்டிருந்தன. ஆனால் வெறும் தண்ணீர்த் தட்டிலும் நான்கு முளைக்கவில்லை! அது ஜன்னலோரம் இருந்ததால் பஞ்சு காய்ந்துவிட்டது. எல்லாத் தட்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும், அது எங்கள் தவறு.

இப்போது மறுபடி தொடங்குகிறோம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு பஞ்சிலேயே தங்கிவிடுமே, அப்படியானால் ஈரம் குறையும்போது உப்புக் கரைசல் ஊற்றுவதா, வெறும் தண்ணீரா? தட்டை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்குமோ என்றும் பயம். அப்புறம், ஒவ்வொரு அளவுக்கும் மூன்று தட்டு போதுமா?

வகுப்பில் இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பயறு ஊறப்போடுகிறோம்.