சீமெந்து கலந்த சுரங்கக் கழிவு உறைபனியில் ஏன் உதிர்கிறது?

வெள்ளவத்தை மாணவன்:
கொழும்பில் சிவில் எஞ்சினியரிங் படிக்கிறேன். குளிர்நாடுகளில் சுரங்கக் கழிவோடு (தாதுவை அரைத்துப் பிரித்தபின் மிஞ்சும் தூள்) சீமெந்து கலந்து வீதிக்கு அடித்தளம் போட்டால், பனிக்காலம் முடிய உதிர்ந்துவிடுகிறதாம். இறுகின பிறகும் எப்படி? ஃபிரிட்ஜுக்கு வெளியே நான் ஐஸ் கண்டதில்லை.

சைட் அண்ணன்:
தண்ணீர் உறையும்போது சுமார் 9% பெருக்கும் தம்பி. ஆனால் பெரிய சேதம் வேறு: கழிவு மா மாதிரி நுண்ணிய துகள், அதன் துளைகள் கீழிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், உறையும் இடத்தில் ஐஸ் படலம் படலமாக வளர்ந்து தளத்தையே தூக்கும். அப்புறம் மேல்பக்கம் முதலில் உருகும், கீழே இன்னும் ஐஸ், தண்ணீர் வடிய வழியில்லை. அந்த நேரம் பார லொறி போனால் முடிந்தது.

மழைக்கால எஞ்சினியர்:
பனியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். கழிவில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால் ஒட்சியேறி சல்பேற்று உண்டாகும், அது சீமெந்திலுள்ள அலுமினேற்றோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற பருமன் கூடிய பளிங்காகி, ஐஸ் இல்லாமலே வீங்கும். எங்கள் ஈரத்துக்கு இதுதான் பயம்.

வெள்ளவத்தை மாணவன்:
சரி, ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்ப்பது?

சைட் அண்ணன்:
ஏஎஸ்டிஎம் என்ற தர நிறுவனத்தின் டி560 சோதனை. 12 முறை உறையவைத்து உருக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து எடையிழப்பை அளப்பார்கள். கொழும்புக்கு நனைத்து உலர்த்தும் டி559தான் பொருத்தம்.