மூளைத் தூண்டல்: ஒரே சொல் போதாது (மறுமொழி)

ஐயா, வணக்கம்.

கவனம் நிலைக்காமல் சிதறும் ஏ.டி.எச்.டி. (ADHD) பற்றிச் சுங்கை சிப்புட்டில் நாம் வினியோகிக்கப்போகும் கையேட்டுக்கு நீங்கள் தந்த ‘மூளைத் தூண்டல் சிகிச்சை’ என்ற சொல், இரண்டு வேறு வேலைகளை ஒரே கூடையில் போடுகிறது. எனக்கு உடன்பாடில்லை.

ஒன்றில் ஆள் உழைக்க வேண்டும். தலையில் மின்வாய்களை ஒட்டிக்கொண்டு திரைமுன் உட்காருகிறார். மூளையின் மின்னலைகளில், நொடிக்கு 4 முதல் 8 முறை துடிக்கும் தீட்டா அலை தணிந்து, அதைவிட வேகமான பீட்டா அலை ஓங்கினால் திரையில் படம் ஓடுகிறது, இல்லையேல் நின்றுவிடுகிறது. கருவி அளக்கிறதே தவிர, உள்ளே எதையும் செலுத்துவதில்லை. இதற்கு ‘மூளையலைப் பயிற்சி’ போதும். ஆங்கிலத்தின் ‘நியூரோஃபீட்பேக்’கை அப்படியே பெயர்த்து ‘நரம்புப் பின்னூட்டம்’ என்றால் வலைப்பதிவில் எழுதும் கருத்தைத்தான் பலர் நினைப்பார்கள்.

மற்றதில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் மண்டையோட்டின் வழியே செல்கிறது. நரம்பணு கிளர்வதைச் சற்று எளிதாக்கவோ கடினமாக்கவோ செய்யும், அவ்வளவே. வெறும் ‘மின்சிகிச்சை’ என்று அச்சிட்டால், தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் ஷாக் கொடுப்பதாகவே நம் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘மென்மின் தூண்டல்’ என்போம். மின்னோட்டத்துக்குப் பதிலாக, தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டும் முறையை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினார்கள்; அதற்குக் ‘காந்தத் துடிப்புத் தூண்டல்’.

ஏ.டி.எச்.டி.க்கு நீங்கள் எழுதிய ‘கவனக்குறைவு நோய்’ என்பதை அடியோடு நீக்குங்கள். விபத்துச் செய்தியில் லாரி ஓட்டுநர்மேல் சுமத்தும் சொல் அது. செம்பனை ஆலையின் எடை மேடையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், ஒரு லாரியின் எண்ணைச் சீட்டில் எழுதுவான். தொலைபேசி மணி அடிக்கும். திரும்பி வந்து அடுத்த லாரியின் எடையை அதே சீட்டில் பதிந்துவிடுவான். அதே பையன் பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்தால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருப்பான். இதில் குறைவு எங்கே இருக்கிறது? ‘கவனத் தடுமாற்றம்’ என்பதே பொருந்தும்.

‘சிகிச்சை’ என்ற ஒட்டும் வேண்டாம். மூளையலைப் பயிற்சி பற்றிய ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் வெளியானது. பங்கேற்றோர் எல்லாரும் பெரியவர்கள். தம் அலையைப் பார்த்துப் பயின்றவர்களும் பொய்யான அலையைப் பார்த்துப் பயின்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே தேறினார்கள். கட்டணம் கட்டும் முன் மக்களுக்கு இது தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற முக்கிளை நரம்புத் (முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு) தூண்டல் கருவியும் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானதே. பெரியவர்களுக்கு அதைக் காட்டி விற்க இடம் கொடுக்கக் கூடாது.

அந்தப் பொய்யான பயிற்சிக்கு என்ன சொல்? ‘போலி’ என்றால் போலி மருத்துவர் நினைவு வருகிறது. ஆய்வாளர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார். ‘பாவனைப் பயிற்சி’ சரிவருமா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.