மலைப்பூண்டு விளம்பரத்துக்கு ஸ்டாக் படம் ஒட்டவில்லை, உதவி தேவை

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு ஆன்லைனில் விற்கிறோம். தீபாவளி முடிந்ததிலிருந்து இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடுகிறது. கிளிக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. வாங்கிய சிலரும் "படத்தில் இருந்த பூண்டு இது இல்லையே" என்கிறார்கள்.

ஸ்டாக் படம், அதாவது யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ரெடிமேட் படம் கிடைக்கும் தளங்களான அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே எல்லாவற்றிலும் தேடியாயிற்று. கிடைப்பதெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சூப்பர் மார்க்கெட் பூண்டு. எங்களுடையது புகையில் காயவைத்தது, தோல் பழுப்பேறி இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு இது, வேறு பூண்டின் படம் போட்டால் யார் நம்புவார்கள்? ஒரு தளத்தில் காசு கொடுத்தும் வாங்கினேன். கூகுள் லென்ஸில் பார்த்தால் அதே படம் வேறு பல கடைகளிலும் நிற்கிறது. மலைக்கிராமம் என்று தேடினால் பனிமலை வருகிறது. இங்கே ஏது பனிமலை!

சரி, சொந்தமாக எடுப்போம் என்று ரெட்மி நோட் 12 போனில் எடுத்தேன். மூடுபனியில் எல்லாம் சாம்பல் நிறம். எல்இடி வெளிச்சத்தில் பூண்டு நீலம் பூக்கிறது. மதியம் ஜன்னலோரம் எடுத்தவை மட்டும் தேறின.

அதனால் பூண்டுக்குச் சொந்தப் படம், ரசம், ஊறுகாய் மாதிரி சமையல் பதிவுகளுக்கு மட்டும் ஸ்டாக் படம் என்று வைத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு கடைக்காரர்கள் போட்டது மாதிரி தெரிகிறது. கம்ப்யூட்டர் இல்லை, போனில் படத்தைத் திருத்தும் ஸ்னாப்சீட் ஆப் மட்டும்தான்.

ஜன்னலோரப் படங்களோடு ஸ்டாக் படங்களின் நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போக, ஸ்னாப்சீட்டில் எதை எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?